குழுவும் குற்றமும்

ஒருவன் செய்த கொடுமைக்கு அவன் கூட்டத்தார் அனைவரும் குற்றவாளிகளாவரோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்தெழுதல் திருநாளன்று, இலங்கையில் மூன்று தேவாலயங்களும் கொழும்பின் மூன்று பெருவிடுதிகளும் குண்டுகளால் தாக்கப்பட்டன. மட்டக்களப்புச் சீயோன் ஆலயமும் அவற்றுள் ஒன்று. 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த மாதம் வடமேல் மாகாணத்தில், இச்செயலில் யாதொரு பங்குமில்லாத முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்குண்டன, ஒருவர் கொலையுண்டார். ஆயினும், கொடியோர் தலைவனான சஹ்ரானைக் குறித்து அதிகாரிகளிடம் முன்னரே முறையிட்டவருள் அவனூராகிய காத்தான்குடியின் முஸ்லிம்களும் இருந்தனர்.

குற்றம் செயலாலும், அறிந்தே உதவுதலாலும், தடுக்கவல்லவன் வாளாவிருத்தலாலும் சாரும், பெயரொற்றுமையாற் சாராது. வெறுப்பைப் போதித்தவனும் அதற்குப் பொருளீந்தவனும் தப்பார். இவ்வளவுகோல் நாத்திகர்க்கும் ஒக்கும். 1937, 1938ஆம் ஆண்டுகளில் சோவியத் அரசு குருமார் பலரைக் கொன்றமைக்கு, இன்று பெரியாரின் நூலைப் பயிலும் மாணவன் குற்றவாளியாகான்.

அங்ஙனமாயின் ஏனையோர்க்குக் கடமை ஒன்றுமில்லையோ எனின், உண்டு. ஒரு கூட்டத்துள் எழும் வெறுப்புரை அக்கூட்டத்தான் செவியிலேயே முதற்கண் விழுகின்றது. ஆதலின் அதனை மறுக்கும் கடனும் அவனுக்கே முந்துகின்றது. கடமை உண்டென்பதனால் குற்றமும் உண்டென்று கொள்ளலாகாது. பொழிச்சலூர் முதல் தாம்பரம் வரை பல சமயத்தாரும் சமயமிலாரும் அயலவராய் வாழும் நம் வீதிகளில், மாணவர் இவ்வேறுபாட்டை மறவாதிருப்பாராக.