அம்மாவின் கண்ணில் வெள்ளைத் தூள்

கேள்வி: என் அம்மாவுக்கு 69 வயது. கண் முகாமில் இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பிரஷர் வலது கண்ணில் 16, இடது கண்ணில் 28. இடது கண்ணில் 'சூடோ எக்ஸ்ஃபோலியேஷன்' இருக்கிறது, வெள்ளையாகத் தூள் படிந்திருக்கிறது, புரை ஆபரேஷன் கொஞ்சம் ரிஸ்க் என்றார் டாக்டர். ராத்திரி போட ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். அடுத்த மாதம் பிரஷர் 17 ஆனதும் அம்மா மருந்தை நிறுத்திவிட்டார். "ரிஸ்க்குன்னு சொன்னப்புறம் ஆபரேஷன் எதுக்கு? இருக்கிற பார்வை போதும்" என்கிறார். அடுப்புப் புகையால் வந்த தூளா இது? கழுவி எடுக்க முடியாதா? ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: மற்றதெல்லாம் இருக்கட்டும், சொட்டு மருந்தை இன்று ராத்திரியே திரும்பத் தொடங்கச் சொல்லுங்கள். நிறுத்திய விஷயத்தை டாக்டரிடமும் மறைக்காதீர்கள். பிரஷர் 17 ஆனது மருந்தால்தான். விட்டால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே ஏறிவிடும்.

அந்தத் தூள் வெளியிலிருந்து வந்ததல்ல. அடுப்புப் புகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வயதாக ஆக, சிலருடைய கண்ணுக்குள்ளேயே ஒரு வகைப் புரத இழை உற்பத்தியாகி, உள்ளே ஊறும் நீரோடு மிதந்துபோய் ஆங்காங்கே ஒட்டிக்கொள்கிறது. ஸ்லிட் லேம்ப்பில் பார்த்தால் கண்மணியின் ஓரத்தில் திருநீறு உதிர்ந்தது போலத் தெரியும். சொட்டு விட்டுக் கண்மணியை விரித்த பிறகுதான் முழுப் படமும் கிடைக்கும்: லென்ஸின் நடுவில் ஒரு வெள்ளை வட்டு, வெளி ஓரத்தில் ஒரு வெள்ளை வளையம், இரண்டுக்கும் இடையில் சுத்தமான பட்டை. கண்மணி சுருங்கி விரியும்போதெல்லாம் அதைச் சுற்றியுள்ள நிறத்திரையான ஐரிஸ் லென்ஸின் மேல் உரசி, அந்த இடத்தை மட்டும் துடைத்துவிடுகிறது. உரசலில் ஐரிஸின் நிறத்துகள்களும் உதிர்கின்றன. தூளும் நிறத்துகளும் சேர்ந்து நீர் வெளியேறும் வடிகாலை அடைக்க, பிரஷர் ஏறிப் பார்வை நரம்பு கெடுகிறது. இதைத்தான் கண் நீர் அழுத்த நோய், குளுக்கோமா என்கிறோம்.

உற்பத்தி ஓயாமல் நடப்பதால் கழுவி எடுத்துப் பயனில்லை. புரையை எடுத்த பிறகும் அது நிற்காது.

இந்தத் தூள் படிவதை முதன்முதலில், 1917இல், விவரித்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லிண்ட்பெர்க். அதனால் இதை ஏதோ குளிர்நாட்டு நோய் என்று நினைக்க வேண்டாம். அரவிந்த் கண் மருத்துவமனையினர் தென் தமிழகக் கிராமங்களில் எடுத்த ஆய்வில், 40 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஆறு பேருக்கு இது இருந்தது. காலமெல்லாம் வெயிலில் வேலை செய்தவர்களுக்கு அதிகம் வருகிறது என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. எல்.ஓ.எக்ஸ்.எல்.1 என்ற மரபணுவுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 2007இல் தெரியவந்தது. நோயே இல்லாத பலருக்கும் அதே மரபணு வகை இருப்பதால், அதற்காக டெஸ்ட் எடுத்துப் பணத்தை விரயம் செய்ய வேண்டாம்.

இந்த வகைக் குளுக்கோமாவில் பிரஷர் அதிகம் ஏறும். ஒரே நாளில் ஏறி இறங்கவும் செய்யும். நரம்பும் சீக்கிரம் கெடும். எனவே ஒருமுறை 17 வந்ததை வைத்து நிம்மதி அடைய முடியாது. ஒவ்வொரு தடவையும் மத்தியானம் போய்க்கொண்டிருந்தால், அடுத்த முறை காலையில் போய் அளந்து பாருங்கள். ஃபீல்டு டெஸ்ட்டும் ஓ.சி.டி. ஸ்கேனும் எடுத்து, நரம்பு இதுவரை எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். போன நரம்பு திரும்ப வராது. "இருக்கிற பார்வை போதும்" என்று அம்மா சொல்வதில் எனக்குள்ள பயம் இதுதான்: மருந்தில்லாமல் இருக்கிற பார்வை அப்படியே இருக்காது. சொட்டு மருந்து போதாவிட்டால் லேசர் உண்டு. தொடக்கத்தில் நன்றாகவே கேட்கும், போகப்போக அதன் பலன் குறையும். அதுவும் போதாதபோது ஆபரேஷன்.

இனி, புரை. டாக்டர் ரிஸ்க் என்றது உண்மை. இந்தக் கண்ணில் கண்மணி சரியாக விரியாது. லென்ஸைப் பிடித்திருக்கும் நுண்ணிழைகளும் தளர்ந்திருக்கும். ஆனால் தள்ளிப்போட்டால் அந்த ரிஸ்க் கூடுமே தவிரக் குறையாது. புரை முற்றிக் கல்லாக இறுகும், இழைகள் இன்னும் தளரும். முன்கூட்டியே தெரிந்திருப்பது உங்களுக்கு லாபம். கண்மணியை விரித்துப் பிடிக்கும் கொக்கிகள், லென்ஸ் பையைத் தாங்கும் வளையம் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு, இதில் கைதேர்ந்த சர்ஜன் செய்வார். புரையை எடுத்தால் பலருக்குப் பிரஷரும் ஓரளவு குறைகிறது. அதற்காக மருந்து தேவைப்படாது என்று எண்ணிவிடாதீர்கள். ஆபரேஷனுக்கு மறுநாள் பிரஷர் திடீரென்று எகிறக்கூடும், அந்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. சில வருஷம் கழித்துக்கூட, உள்ளே வைத்த செயற்கை லென்ஸ் நழுவும் வாய்ப்பு உண்டு. திடீரென்று பார்வை மங்கினாலோ இரட்டையாகத் தெரிந்தாலோ உடனே போங்கள்.

சொட்டு மருந்தை அம்மா தானே போடுகிறாரா? பாதி கன்னத்தில் வழிந்துவிடும். படுக்கவைத்து, கீழ் இமையைச் சற்று இழுத்து, ஒரே ஒரு சொட்டு விடுங்கள். கண்ணை மூடச் சொல்லி, மூக்கோரத்துக் கண்முனையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ராத்திரி ஒருமுறை போடும் லட்டனோபிரோஸ்ட் போன்ற மருந்துகளில் கண் கொஞ்சம் சிவக்கும், இமைமுடி நீளும். சிவந்துவிட்டதே என்று மெடிக்கல் ஷாப்பில் வேறு சொட்டு வாங்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் பிரஷர் இன்னும் ஏறும். டிமோலால் என்ற சொட்டு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பதானால், அம்மாவுக்கு ஆஸ்துமாவோ இதயத்துடிப்புக் குறைவோ இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வலது கண் இப்போது சுத்தமாக இருக்கலாம். இந்தத் தூள் பல சமயம் ஒரு கண்ணில் தொடங்கி, சில வருஷத்தில் மற்றதிலும் தெரியும். ஒவ்வொரு முறையும் இரண்டு கண்ணையும் விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாமா, பெரியம்மா, சித்தி என்று அம்மாவுடன் பிறந்தவர்கள் இருந்தால், அவர்களையும் ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள்.