வானம் தோண்டும் முன்

அன்புள்ள மீனாட்சிக்கு,

திருவனந்தபுரம் வட்டியூர்க்காவு மனையில் வீட்டு வேலை தொடங்க நாள் குறித்துவிட்டதாக உன் அம்மா சொன்னாள். மகிழ்ச்சி. பூமி பூஜைக்கு முன்னால், கட்டுமானக் காலத்துக்கான இன்ஷூரன்ஸையும் எடுத்துவிடு. குடிபுகுந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பலரும் இருந்துவிடுகிறார்கள். ஆனால், கட்டி முடித்த வீட்டைவிடப் பாதியில் நிற்கும் வீட்டுக்குத்தான் ஆபத்து அதிகம். சுவரும் கூரையும் சேர்ந்துவிட்டால் ஒன்றை ஒன்று தாங்கிக்கொள்ளும். தோண்டிப் போட்ட வானத்துக்கும், முட்டுக்கொடுத்து நிற்கும் செண்ட்ரிங்குக்கும், வெளியில் அடுக்கிய சிமென்ட் மூட்டைக்கும் அந்தத் துணை இல்லை. திருவனந்தபுரமோ மேடும் பள்ளமுமான ஊர். இடவப்பாதி, துலாவர்ஷம் என்று இரண்டு பருவமழையும் பெய்யும். ஒரு வருடம் நடக்கிற வேலை இரண்டுக்கும் தப்ப முடியாது. 2017 நவம்பர் 30 அன்று வந்த ஒக்கிப் புயல், விழிஞ்ஞம் துறைமுகத்தில் பாதி கட்டியிருந்த அலைத்தடுப்புச் சுவரின் ஒரு பகுதியை அடித்துச்சென்றது. அத்தனை பெரிய வேலைக்கே அந்தக் கதி என்றால், சரிவான மனையில் எழும் தடுப்புச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

‘எல்லாம் காண்ட்ராக்டர் பொறுப்புதானே’ என்று நீ கேட்கலாம். ஒப்பந்தத்தில் அப்படி எழுதியும் இருக்கலாம். ஆனால், இடிந்ததை மீண்டும் கட்டிக்கொடுக்க அவரிடம் பணம் இருக்க வேண்டுமே. பொறுப்பு ஒருவருடையது, பணம் இன்னொருவருடையது என்று ஆகும்போது வேலை நடுவில் நின்றுபோகும். ‘கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்ஸ்’ பாலிசி இதற்காகத்தான் வந்தது. உன் பெயரும் அவர் பெயரும் சேர்ந்தே அதில் இருக்கட்டும். அதன் முதல் பகுதி கட்டட வேலைக்கும் பொருளுக்கும் நேரும் சேதத்துக்கு. இரண்டாவது, அக்கம்பக்கத்தாருக்கு நேரும் இழப்புக்கு. மண்ணை வெட்டும்போது பிடிமானம் போய்ப் பக்கத்து வீட்டு மதில் சரிந்தால் இந்த இரண்டாவது பகுதி தானாகக் கைகொடுக்காது; அதையும் எழுதிச் சேர்க்கச் சொல். வேலைக்கு வரும் தொழிலாளிகள் இதில் அடங்க மாட்டார்கள். அவர்களுக்கான இழப்பீட்டுக்காகக் காண்ட்ராக்டர் தனியாகப் பாலிசி எடுத்திருக்கிறாரா என்று கேட்டு, நகல் வாங்கி வை.

‘கட்டுகிற பணத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு, கேட்கும்போது கையை விரித்துவிடுவார்கள்’ என்பது அடுத்த ஆட்சேபம். இதில் பாதி உண்மை. ‘ஆல் ரிஸ்க்ஸ்’ என்பது பெயரளவில்தான், விலக்குகள் நிறைய. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். மழையையும் இடியையும் காரணமாகச் சொன்னவர்கள் உண்டு. விசாரணையோ கட்டமைப்பின் குறைகளைச் சுட்டியது. வடிவமைப்புப் பிழையால் வரும் சேதத்தை இந்தப் பாலிசி பொதுவாக ஏற்பதில்லை. ஆகவே மண் பரிசோதனையும் நல்ல பொறியாளரும் உன் முதல் காப்பு; பாலிசி அதற்கு அடுத்ததுதான். மழைக்காக வேலையை நிறுத்திப் போட்டால், அந்தக் காலத்துச் சேதத்தையும் மறுக்கக்கூடும். நிறுத்தும்போதே கம்பெனிக்கு எழுதித் தெரிவித்துவிடு. இவற்றையெல்லாம் முன்கூட்டியே படித்துக் கேட்டுவைத்தால், பின்னால் ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்ற பேச்சுக்குப் பெரும்பாலும் இடமிருக்காது. அப்படியும் நியாயமில்லாமல் மறுத்தால், முறையிடக் கொச்சியில் இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது.

பிரீமியத்தைக் குறைப்பதற்காகக் காப்புத் தொகையைக் குறைத்துவிடாதே. சிக்கனம் என்று நினைத்துச் செய்யும் இதுதான் பெரிய நஷ்டம். வீடு முடியும்போது ஆகும் முழுச் செலவு 80 லட்சம் என்று வைத்துக்கொள். நீ 60 லட்சத்துக்குத்தான் பாலிசி எடுத்திருந்தால், அதே விகிதத்தில் 8 லட்சம் சேதத்துக்கு 6 லட்சமே கணக்காகும். அதிலும் உன் பங்கான ‘எக்ஸஸ்’ கழியும். மழை, வெள்ளம் போன்றவற்றுக்கு அந்த எக்ஸஸ் கூடுதலாக இருப்பது வழக்கம். நீயே வாங்கித் தரும் கம்பி, சிமென்ட் விலையையும் சேர்த்தே முழுத் தொகையைப் போடு.

‘பேங்கில் லோனோடு ஏதோ பாலிசி கொடுத்தார்களே’ என்பாய். அது உன் உயிருக்கானதா, கட்டி முடித்த வீட்டுக்கானதா என்று பார். இரண்டில் எதுவானாலும் பாதிச் சுவருக்கு உதவாது. நாளைக்கு எடுக்கலாம் என்று தள்ளிப்போடவும் செய்யாதே. 1938ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவுப்படி, பிரீமியம் கைக்கு வரும் முன் எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்க முடியாது. மேகம் கறுத்த பிறகு ஓடுவதில் பயனில்லை. பணம் கட்டி, பாலிசி கைக்கு வந்து, அதை ஒரு தடவை முழுவதும் படித்த பிறகு கடப்பாரையை எடுக்கச் சொல்.

அன்புடன்,
மாமா