இலையால் எழுந்த மலையூர்: ஜப்பானின் கமிகட்சு

ஜப்பான் என்றவுடன் பெருந்தொழிற்சாலைகளும் விரைவு இரயில்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் இளைஞர் வெளியேறி முதியோரே பெரும்பாலும் எஞ்சியுள்ள மலையூர்களும் அந்நாட்டில் பல உள்ளன. அத்தகைய ஊர்களுள் ஒன்று தன் பிழைப்புக்கு வழிகண்ட வரலாற்றை இவ்விதழில் காண்போம்.

இடமும் மக்களும்

ஷிகொகு தீவில் தொகுஷிமா மாநிலம் உள்ளது. அதன் உட்பகுதியில், கட்சுவுரா ஆற்றின் மேற்பள்ளத்தாக்கில் அமைந்துள்ள ஊரே கமிகட்சு. 1955-ஆம் ஆண்டில் இரண்டு கிராமங்கள் இணைந்து இவ்வூர் உருவாயிற்று. இதன் பரப்பு ஏறத்தாழ 110 சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி காடு. மலைச்சரிவுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. படிப்படியாக வெட்டப்பட்ட நெல்வயல்களும் தேயிலைச் செடிகளும் ஆங்காங்கே காணப்படும். 1950-களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இங்கு வாழ்ந்தனர். 2020-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் இத்தொகை 1,400-க்கும் கீழே இறங்கிவிட்டது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் 65 வயதைக் கடந்தவர்கள்.

ஓரிரவில் பட்ட மரங்கள்

மரத்தொழிலும் ஆரஞ்சு வகைப் பழமரங்களுமே இவ்வூரின் வருவாய்க்கு அடிப்படையாக இருந்தன. வெளிநாட்டு மரங்களின் வரவால் மரத்தொழில் முதலில் நலிந்தது. 1981-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் கடுங்குளிர் தாக்கியதில் பழமரங்களும் ஏறக்குறைய முழுமையாகப் பட்டுப்போயின. ஒரே பயிரை நம்பியிருப்போர்க்கு அப்பயிரின் வீழ்ச்சி எத்தகையது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. ரப்பர் விலை இறங்கிய காலங்களை அவர்கள் அறிவர்.

யோகோயிஷி தொமோஜி என்பவர் அப்போது அவ்வூர் வேளாண் கூட்டுறவில் ஆலோசகராகப் பணியாற்றிய இளைஞர். காளான், காய்கறி முதலிய மாற்றுப் பயிர்களை அவர் மக்களிடம் பரப்பினார். எனினும் வயது முதிர்ந்த பெண்கள் பளுவின்றிச் செய்யத்தக்க தொழில் ஒன்று தேவைப்பட்டது. ஒருமுறை ஓர் உணவகத்தில், தட்டை அழகுபடுத்த வைத்திருந்த மேப்பிள் இலையை இளம்பெண்கள் வியந்து பாராட்டி, அதனை எடுத்துச் சென்றதை அவர் கண்டார். அத்தகைய இலைகள் தம் ஊரில் மலைபோல் கிடக்கின்றனவே என்ற எண்ணம் அவருக்குத் தோன்றிற்று.

இலை சரக்கான விதம்

1986-ஆம் ஆண்டில் நான்கு குடும்பத்தாரோடு இத்தொழில் தொடங்கிற்று. ‘உதிரும் இலைக்கு யார் பணம் தருவார்?’ என்று பலர் நகைத்தனர். தொடக்கத்தில் இலைகள் விலைபோகவும் இல்லை. காரணம் எளியது: எத்தகைய இலை தேவை என்பதை விற்றவர்கள் அறியாதிருந்தனர். ஆகவே யோகோயிஷி உயர்தர உணவகங்களுக்குத் தம் சொந்தச் செலவில் சென்று, சமையற்காரர்கள் இலையை எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதைக் கற்றார். இலை தட்டின் அளவுக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். பூச்சி அரித்த வடு கூடாது. ஒரு தட்டில் அடுக்கும் இலைகள் அனைத்தும் ஒத்த அளவினவாக அமைதல் வேண்டும். பருவத்தின் அடையாளமான இலையும் பூவும் அப்பருவம் பிறப்பதற்குச் சற்று முன்னரே உணவகத்தை அடைய வேண்டும். இவற்றைக் கற்ற பின்னரே மக்கள் வீட்டருகே மரங்களை நட்டு வளர்க்கலாயினர். இப்போது முந்நூறுக்கும் மேற்பட்ட வகைகள் விற்பனையாகின்றன.

வேலைமுறையும் கவனிக்கத்தக்கது. தேவைப்படும் இலைகளின் விவரத்தைக் கூட்டுறவு அறிவிக்கிறது. முதலில் ‘நான் தருகிறேன்’ என்று பதிலளிப்பவருக்கே அந்த வேலை கிடைக்கிறது. முன்பு தொலைநகல் வழியே வந்த அறிவிப்புகள் பின்னர்க் கணினியிலும் கைக்கணினியிலும் வரலாயின. எழுபது, எண்பது வயது மூதாட்டிகள் இக்கருவிகளைக் கற்றுக்கொண்டு, அன்றாடச் சந்தை விலையைத் தாமே பார்த்து, மறுநாள் எதைப் பறிப்பது என முடிவு செய்கின்றனர். ஆண்டு விற்பனை 26 கோடி யென் அளவை எட்டியதும் உண்டு.

குப்பையிலும் ஒழுங்கு

இவ்வூரார் குப்பையிலும் இதே கவனத்தைச் செலுத்தினர். நச்சுப்புகை பற்றிய சட்டம் கடுமையானதால், 2001-ஆம் ஆண்டளவில் ஊரின் எரியூட்டிகள் மூடப்பட்டன. புதியது கட்டப் பணம் இல்லை. எனவே சமையற் கழிவை வீட்டிலேயே உரமாக்குவதும், ஏனையவற்றைத் தரம் பிரித்து நிலையத்துக்குத் தாமே கொண்டுவருவதும் ஊர் வழக்கமாயின. குப்பை வண்டி வீடுதோறும் வருவதில்லை. வாகனமற்ற முதியோர்க்கு மட்டும் உதவி உண்டு. 2003-ஆம் ஆண்டில், ‘குப்பையே இல்லாத ஊர்’ என்னும் குறிக்கோளை ஜப்பானிலேயே முதலாவதாக இவ்வூர் அறிவித்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட பிரிவுகளாகப் பிரிக்கும் முறையால், கழிவில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பங்கு மீண்டும் பயன்படுகிறது. எஞ்சிய பங்கை 2020-க்குள் நீக்கிவிட எண்ணினர், அது கைகூடவில்லை. பிரிக்க இயலாதவாறு செய்யப்படும் பொருள்களை ஓர் ஊர் மட்டும் மாற்றிவிட முடியாதன்றோ?

நாம் கொள்ளத்தக்கது

கமிகட்சுவின் குறைகளை மறைத்தல் நேர்மையாகாது. மக்கள்தொகை இன்னும் குறைந்தே வருகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் உணவகங்கள் மூடப்பட்டபோது இலைகளுக்கான தேவையும் சரிந்தது. இலைத்தொழில் ஊரின் எல்லாத் துன்பங்களையும் தீர்த்துவிடவில்லை. ஆயினும் முதியோர்க்குத் தம் கையால் ஈட்டும் வருவாயும், ‘நாளை நமக்கு வேலை உண்டு’ என்னும் உறுதியும் கிடைத்தன.

இலை அம்மலையில் என்றும் இருந்தது. வாங்குவோரின் தேவையைக் கற்றறிந்த பின்னரே அது சரக்காயிற்று. நம் தோட்டங்களில் இலை விற்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. வருவாய்க்கு ஒரே வழியை மட்டும் நம்பாதிருத்தலும், புதுத்தொழிலில் இறங்குமுன் அதனைக் கற்றலும், கூட்டுறவாய் விற்றலும் எவ்வூருக்கும் பொருந்தும்.

சிந்திக்க:

1. முதலில் அனுப்பிய இலைகள் விலைபோகாமைக்குக் காரணம் யாது?
2. தனித்து விற்பதைவிடக் கூட்டுறவு வழியே விற்பதால் விளைந்த நன்மைகள் எவை?
3. நம் குடியிருப்பில் கவனிப்பாரின்றிக் கிடக்கும் பொருள் எது? அதனை வாங்கக்கூடியவர் யார்? அவருக்கு அது எவ்வாறு தேவைப்படும்?