மலத்தில் ரத்தமா? மறைக்காதீர்கள்

மல்லாங்கிணறு பக்கத்திலிருந்து பட்டாசு ஆபீசுக்குப் போகிற பெண்கள் பலர், கழிப்பறைக்கு எழுந்துபோகத் தயங்கித் தண்ணீரே குடிப்பதில்லை. பகல் முழுக்கத் தரையில் உட்கார்ந்த வேலை, கந்தக பூமி வெயில். மலம் இறுகும், முக்கினால் மூலமோ ஆசனவாய் வெடிப்போ வந்து ரத்தம் கசியும்.

மலம் போன கடைசியில் சொட்டும் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் பெரும்பாலும் இவற்றால்தான். வெடிப்பு சுரீரென்று எரியும். உள்மூலம் பொதுவாக வலிக்காது. ரத்தத்தோடு சளியும் காய்ச்சலும் வயிற்று முறுக்கலும் சேர்ந்தால் சீதபேதியாக இருக்கலாம்.

மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுவென்று ஒட்டி நாறினால் இரைப்பையில் ரத்தக்கசிவு இருக்கக்கூடும். முதுகுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரைகளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். (இரும்புச்சத்து மாத்திரையும் கறுப்பாக்கும், பீட்ரூட் சிவப்பாக்கும்.)

“மூலம்தான்” என்று நாமே முடிவுகட்டுவது பெரிய ஆபத்து. குடல் புற்றுநோயும் இப்படித்தான் தலைகாட்டும். நாற்பத்தைந்து தாண்டியவர்கள், எடை குறைகிறவர்கள், மலம் போகும் வழக்கம் மாறியவர்கள், குடும்பத்தில் குடல் புற்றுநோய் கண்டவர்கள் தாமதிக்காமல் மருத்துவரிடம் போய், கொலனோஸ்கோபி தேவையா என்று கேளுங்கள். விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ‘ஒரே ஊசியில் குணம்’ போஸ்டர்களை நம்பாதீர்கள்.

ரத்தம் நிற்கவில்லை, தலை சுற்றுகிறது, ரத்த வாந்தி, தார் நிற மலம், தாங்கமுடியாத வயிற்றுவலி என்றால் உடனே 108. சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். இதயத்துக்கான ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.