பெரெம்பாங் மரத்து மின்மினிகள்

வண்ணத்துப் பூச்சிகள் இடம்பெயர்ந்து சென்று மரங்களில் கூட்டமாக அடைவதைப் பற்றி நம் வாசகர்களில் பலர் படித்திருப்பார்கள். வட அமெரிக்காவில் கோடையைக் கழித்த மோனார்க் வண்ணத்துப் பூச்சிகள் ஆயிரக்கணக்கான மைல் பறந்து, மெக்சிகோ நாட்டு மலைமரங்களில் கிளை வளையும் அளவுக்கு அப்பிக் கிடக்கின்றன. நம் கோலசிலாங்கூரிலும் மரத்தில் கூடும் பூச்சி ஒன்று உண்டு. ஆனால் அது தூரதேசத்திலிருந்து வருவதன்று. கூடுகின்ற மரத்துக்குப் பின்னாலுள்ள ஆற்றங்கரைச் சேற்றிலேயே பிறந்து வளர்ந்ததுதான். மலாய்க்காரர்கள் அதைக் கெலிப்-கெலிப் என்பார்கள். நாம் மின்மினி என்கிறோம்.

மஃரிப் தொழுகைக்குப் பின் புறப்பட்டு, சிலாங்கூர் ஆற்றங்கரையிலுள்ள கம்போங் குவாந்தானில் சம்பான் ஏறினால் சரியான நேரம். நிலவில்லாத இரவு மெத்த நல்லது. நெல்மணியளவே உள்ள பூச்சிகள், பெரெம்பாங் மரத்தின் இலைகளில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். ஆண் பூச்சிகள் ஒரு விநாடிக்குள் இரண்டு மூன்று முறை, எல்லாம் ஒன்றாக மின்னி ஒன்றாக அணையும். பெண் பூச்சிகளின் ஒளி சற்று மங்கல். அவை இந்தத் தாளத்தில் சேர்வதில்லை. கொஞ்ச நேரம் ஒரே கிளையை உற்றுப் பார்ப்பவருக்கு இந்த வேற்றுமை புலப்படும்.

இவ்வளவு பூச்சிகளும் எப்படி ஒன்றுபோல் மின்னுகின்றன? 1917ஆம் ஆண்டில் ஒருவர், பார்ப்பவரின் கண்ணிமை துடிப்பதனால் அப்படித் தோன்றுகிறதென்றே எழுதிவிட்டார்! 1960களில் ஜான் பக், எலிசபெத் பக் என்ற விஞ்ஞானித் தம்பதியர் தாய்லாந்துக்குச் சென்று, இதே பேரினத்தைச் சேர்ந்த மின்மினிகளைப் பிடித்துவந்து, பேங்காக்கில் தாங்கள் தங்கிய ஓட்டல் அறையை இருட்டாக்கிப் பறக்கவிட்டார்கள். முதலில் தத்தம் போக்கில் மின்னியவை, சற்று நேரத்தில் சிறு சிறு கூட்டமாக ஒரே தாளத்துக்கு வந்துவிட்டன. மேளம் அடித்து நடத்தும் தலைவன் எவனுமில்லை. ஒவ்வொன்றும் அக்கம்பக்கத்து ஒளியைக் கண்டு தன் தாளத்தைத் திருத்திக்கொள்கிறது.

இனி முக்கியமான சங்கதிக்கு வருவோம். மரம் இவற்றுக்குக் கல்யாணப் பந்தல் மட்டுமே. வீடு வேறு. பெண் பூச்சி கரையின் ஈரமண்ணில் முட்டையிடுகிறது. அதிலிருந்து வரும் புழு, ரும்பியா, நிப்பா முதலிய பனைகளின் நிழலில் ஈரச் சருகுக்கடியில் மாதக்கணக்கில் வாழ்ந்து, சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. சிறகு முளைத்து மரத்தில் மின்னும் வாழ்வோ சில வாரந்தான். ஆகவே, முன்வரிசைப் பெரெம்பாங் மரங்களை நிறுத்திவிட்டுப் பின்னாலுள்ள கரையைத் துப்புரவாக வெட்டிச் செம்பனை நட்டால், பார்வைக்கு ஒன்றும் குறைந்ததாகத் தெரியாது. மரம் நிற்கும். ஆனால் புழுவுக்கு நிழலுமில்லை, நத்தையுமில்லை. அடுத்த தலைமுறை அந்த மரத்துக்கு எங்கிருந்து வரும்? மெக்சிகோவின் வண்ணத்துப் பூச்சியைப்போல் வேறொரு நாட்டிலிருந்து பறந்து வராது.

தண்ணீரும் ஒரு விஷயம். பெரெம்பாங் மரம் கடலுப்பும் ஆற்றுநீரும் கலக்கும் பகுதியில் வளர்வது. மேலே ஆற்றுநீரைத் தேக்கினால் கீழே உப்பு ஏறும். கோலகுபுபாரு பக்கம் அணை எழுந்தபோது இந்தக் கவலை பலமாகப் பேசப்பட்டது. 2009இல் மாநில அரசாங்கம் இங்குள்ள ஆற்றோரத்தை மின்மினிகளின் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. மரத்தோடு கரையையும் சேர்த்துக் காப்பதே சரியான காவல் என்பது நம் அபிப்பிராயம்.

குடும்பத்தோடு செல்லும் சகோதரர்கள் டார்ச் விளக்கையும் கைப்பேசி வெளிச்சத்தையும் அணைத்துவிட வேண்டும். வெளிச்சம் பட்டால் பூச்சிகளின் தாளம் கெட்டு, ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று அறிவது தடைப்படும். பொழுது சாயுமுன்பே போய்ச் சேர்ந்தால், மரங்களின் பின்புறம் ரும்பியாவும் நிப்பாவும் எவ்வளவு தூரம் அடர்ந்திருக்கின்றன என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். எந்த மரத்தில் அதிகம் மின்னுகிறது என்பதை இருட்டிய பின் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.