தனித்தனியே வரம்புக்குள், சேர்ந்தால்?

பத்தாம் வகுப்பு அறிவியலில் ஹார்மோன்கள் பாடத்தை நடத்தும்போது சுரப்பியின் பெயர், அமைவிடம், சுரக்கும் ஹார்மோன், குறைந்தால் வரும் நோய் என்று ஓர் அட்டவணையைப் போட்டு முடித்துவிடுகிறோம். தேர்வுக்கு அது போதும். ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஹார்மோனைப் போல நடிக்கும் ஒரு வேதிப்பொருள் வெளியிலிருந்து உடலுக்குள் வந்தால் என்ன ஆகும்? அப்படிப் பல பொருள்கள் ஒரே நேரத்தில் வந்தால்?

இந்தப் பிள்ளைகளில் பலரின் அப்பா டேனரியிலும் அம்மா ஷூ கம்பெனியிலும் வேலை செய்கிறார்கள். எனவே இக்கேள்வி அவர்களுக்கு வெறும் பாடமாக இருக்காது. அதை அச்சுறுத்தாமல், மழுப்பாமல், அறிவியலாக எப்படிக் கற்பிக்கலாம் என்பதே இக்கட்டுரை.

பூட்டும் சாவியும்

ஹார்மோன்கள் மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்பவை. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் உள்ள ஈஸ்ட்ரடையாலின் அளவைப் பிகோகிராமில்தான் சொல்கிறோம். ஒரு கிராமை இலட்சம் கோடியாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்குதான் ஒரு பிகோகிராம். இவ்வளவு சிறிய அளவு எப்படி வேலை செய்கிறது? செல்லில் உள்ள ஏற்பி ஒரு பூட்டு. ஹார்மோன் அதன் சாவி. சாவி பொருந்தியதும் செல்லுக்குள் குறிப்பிட்ட மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன.

ஹார்மோன் சீர்குலைப்பான்கள் கள்ளச்சாவிகள். சில பூட்டைத் திறந்துவிடும். சில துளையை அடைத்துக்கொண்டு உண்மையான சாவியை உள்ளே விடாது. வேறு சில, ஹார்மோன் உற்பத்தியாவதையோ இரத்தத்தில் செல்வதையோ கெடுக்கும். 1991-இல் அமெரிக்காவின் விங்ஸ்பிரெட் என்னுமிடத்தில் தியோ கோல்போர்ன் கூட்டிய அறிவியலாளர் கூட்டத்திலிருந்துதான் இப்பொருள்களுக்கு இந்தப் பொதுப்பெயர் பரவியது.

அதே ஆண்டில் வெளிவந்த ஒரு கண்டுபிடிப்பு மாணவர்களுக்குச் சொல்ல ஏற்றது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அனா சோட்டோவும் கார்லோஸ் சோனன்ஷைனும் மனித மார்பகப் புற்றுநோய்ச் செல்களை வளர்த்து ஆய்வு செய்துவந்தார்கள. அந்தச் செல்கள் ஈஸ்ட்ரோஜன் இருந்தால் பெருகும், இல்லாவிட்டால் பெருகாது. ஒரு கட்டத்தில் ஈஸ்ட்ரோஜன் சேர்க்காத செல்களும் பெருகத் தொடங்கின. காரணம் தேடிப் போனால், குற்றவாளி அவர்கள் பயன்படுத்திய பிளாஸ்டிக் குழாய்! அதிலிருந்து கசிந்த நோனைல்ஃபீனால் என்னும் பொருள் ஈஸ்ட்ரோஜனைப் போலச் செயல்பட்டிருந்தது.

இந்த நோனைல்ஃபீனாலுக்கும் நம் ஊர்த் தொழிலுக்கும் தொடர்பு உண்டு. ஆட்டுத்தோலில் உள்ள கொழுப்பை நீக்கக் கழுவுபொருள்கள் தேவை. உலகெங்கும் அதற்குப் பல காலம் பயன்பட்டவை நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட்டுகள். கழிவுநீரில் நுண்ணுயிர்கள் இவற்றைச் சிதைக்கும்போது நோனைல்ஃபீனால் எஞ்சுகிறது. சிதைவதற்கு முன் இருந்த பொருளைவிடச் சிதைந்த பின் எஞ்சும் பொருளுக்கு ஹார்மோன் குணம் அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் ஆணை பிறப்பித்து, 2005 முதல் தோல் பதனிடுதல் உள்ளிட்ட பல தொழில்களில் இதைக் கட்டுப்படுத்தியது. பெரும்பாலும் துணி துவைக்கும் தூள், தொழிற்சாலைக் கழுவுபொருள் வழியாகவே இது ஆறுகளைச் சேர்கிறது. காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி நீரில் இந்த வகைப் பொருள்களும் பிஸ்ஃபீனால் ஏ-யும் இருப்பதைத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டார்கள். ஆகவே இது தோல் நகரங்களின் சிக்கல் மட்டுமன்று.

எட்டுப் பூஜ்ஜியங்களின் கூட்டுத்தொகை

ஒரு வேதிப்பொருளின் பாதுகாப்பான அளவை எப்படி முடிவு செய்கிறார்கள்? அந்த ஒரு பொருளை மட்டும் எடுத்துச் சோதிக்கிறார்கள். எந்த அளவில் விளைவு தெரியவில்லையோ, அதற்கும் பல மடங்கு கீழே வரம்பு வைக்கிறார்கள். இந்த முறையில் ஓர் இடைவெளி இருக்கிறது. மனிதன் ஒரு நேரத்தில் ஒரு பொருளுக்கு மட்டும் ஆட்படுவதில்லை.

2002-இல் இலண்டன் பல்கலைக்கழக மருந்தியல் பள்ளியில் ஆண்ட்ரியாஸ் கார்ட்டன்காம்ப் குழுவினர் இதை நேரடியாகச் சோதித்தார்கள். மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பொருத்தப்பட்ட ஈஸ்ட் செல்களில், பிஸ்ஃபீனால் ஏ உள்ளிட்ட எட்டு வலுவற்ற பொருள்களைச் சேர்த்தார்கள். ஒவ்வொன்றும் தனியாக எந்த விளைவையும் காட்டாத அளவில் இருந்தது. எட்டும் சேர்ந்தபோது தெளிவான விளைவு தெரிந்தது. எட்டுப் பூஜ்ஜியங்களைக் கூட்டினால் பூஜ்ஜியம்தானே வரவேண்டும்? வரவில்லை. ஏனென்றால் அவை உண்மையில் பூஜ்ஜியங்களாக இருக்கவில்லை. நம் அளவுகோலுக்குத் தெரியாத சிறு எண்களாக இருந்தன. அனைத்தும் ஒரே பூட்டில் நுழைவதால் அவற்றின் விளைவு கூடிக்கொண்டது.

மனித வாழ்வுக்கு நெருக்கமான ஆய்வு 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. சுவீடனில் கருவுற்ற தாய்மார்களின் இரத்தத்திலும் சிறுநீரிலும் இருந்த ஹார்மோன் சீர்குலைப்பான்களை அளந்து, குழந்தைகளின் பேச்சு வளர்ச்சியுடன் ஒப்பிட்டார்கள். பேச்சுத் தாமதத்துடன் தொடர்பு காட்டிய பொருள்களை, தாய்மார்களிடம் இருந்த அதே விகிதத்தில் ஆய்வகத்தில் கலந்தார்கள். மனிதச் செல்களிலிருந்து வளர்த்த சிறு மூளைத் திசுக்களில் அக்கலவையைச் சோதித்தபோது, நரம்பு வளர்ச்சிக்குரிய மரபணுக்களின் செயல்பாடு மாறியது. மொழி கற்பிக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் சிந்திக்க இடமுண்டு.

குரோமியம் வேறு வழியில்

ஒரு காலத்தில் நம் பகுதியில் தோலை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டார்கள். பிறகு குரோம் முறை வந்தது. பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். ஆறு இணைதிறன் குரோமியம் அதைவிட நச்சுத்தன்மை மிகுந்தது. இராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற, ஒன்றரை இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவில் இருப்பது இந்த வகை.

சென்னைத் தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் மைக்கேல் அருள்தாஸ் குழுவினர் இதை ஆராய்ந்து 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியிட்டார்கள். ஆறு இணைதிறன் குரோமியம் கலந்த நீரை ஆறு மாதம் குடித்த ஆண் நாட்டுக் குரங்குகளின் விந்தகத் திசு சிதைந்தது. விந்தணு எண்ணிக்கை குறைந்தது. குரோமியத்தை நிறுத்திய ஆறு மாதங்களில் விந்து பழைய நிலைக்குத் திரும்பியது. இங்கே இரண்டு செய்திகளை மாணவர்கள் கவனிக்க வேண்டும். சோதனையில் கொடுத்த அளவு, குடிநீருக்கான வரம்பாகிய லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைவிடப் பல நூறு மடங்குக்கும் மேல். ஆகவே முடிவை அப்படியே நம் குடத்து நீருக்குப் பொருத்தக் கூடாது. இன்னொன்று, நச்சு வருவது நின்றால் உடல் மீள முடியும்.

குரோமியம் கள்ளச்சாவி அன்று. செல்லில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை உண்டாக்கிச் சேதம் செய்கிறது. ஆக, கலவை என்பது ஒரே பூட்டைத் தேடி வரும் பல சாவிகள் மட்டுமல்ல. ஒன்று பூட்டைத் திறக்கும்போது இன்னொன்று கதவையே அரிக்கலாம்.

நீதிமன்றம் சொன்ன அறிவியல்

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்ற மதிப்பீடும், குரோம் முறையில் ஏறத்தாழ 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுகின்றன என்ற தகவலும் அத்தீர்ப்பில் உள்ளன. 170 என்ற எண்ணை நம் பாடத்தோடு சேர்த்துப் படியுங்கள். கலவை என்ற சொல்லின் பொருள் விளங்கும்.

மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்ற கொள்கையோடு, முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் அத்தீர்ப்பு நாட்டின் சட்டமாக ஏற்றது. மீளாத கேடு வரக்கூடும் என்னும்போது, அறிவியல் சான்று முழுமையாகவில்லை என்பதைக் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. 170 பொருள்களில் எந்தெந்த இரண்டு, எந்தெந்த மூன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்க எந்த ஆய்வகத்தாலும் முடியாது. கலவைகளுக்கு முன்னெச்சரிக்கையே பொருத்தமான வழி என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை. இதே பகுதியின் மாசு குறித்து 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் இழப்பீடு, கண்காணிப்பு தொடர்பான உத்தரவுகளைப் பிறப்பித்தது.

வழக்குக்குப் பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. கழிவுநீரை வெளியே விடாத முறையும் வந்தது. இவை முன்னேற்றமே. ஆனால் டேனரிக் கழிவுநீரில் வழக்கமாகச் சோதிப்பது அமிலத்தன்மை, உப்பு, ஆக்சிஜன் தேவை, சல்ஃபைடு, குரோமியம் போன்றவற்றையே. ஹார்மோன் சீர்குலைப்பான்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

வகுப்பறைச் செயல்பாடு 1: நாற்காலியும் மணியும்

20 நாற்காலிகளைப் போடுங்கள், அவை ஏற்பிகள். 5 நாற்காலிகள் நிரம்பினால் மணி அடிக்க வேண்டும். அதுவே செல்லின் விளைவு. நான்கு அணிகள், அணிக்கு இருவர். ஒவ்வோர் அணியும் ஒரு வேதிப்பொருள். முதலில் ஒவ்வோர் அணியாக உட்காரட்டும். இருவர்தான், மணி அடிக்காது. ஒவ்வொன்றும் 'பாதுகாப்பானது' என்று கரும்பலகையில் எழுதுங்கள். பிறகு நான்கு அணிகளும் ஒன்றாக உட்காரட்டும். எட்டுப் பேர், மணி அடிக்கும்.

இரண்டாம் சுற்றில், உடலின் சொந்த ஹார்மோனாக மூவரை முன்கூட்டியே உட்கார வையுங்கள். இப்போது ஓரணி வந்தாலே மணி அடித்துவிடும். உடல் வெற்றுப் பாத்திரம் அல்ல என்பதை மாணவர்களே சொல்வார்கள். உண்மையான செல்லில் விளைவு படிப்படியாகவும் கூடும், இது ஒரு மாதிரி மட்டுமே என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

செயல்பாடு 2: விகிதக் கணக்கு

பயிற்சிக்காக நான்கு பொருள்களைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். முதற்பொருளின் வரம்பு 50, நீரில் உள்ள அளவு 20. இரண்டாவது 10-க்கு 3. மூன்றாவது 200-க்கு 50. நான்காவது 4-க்கு 1. எல்லாம் வரம்புக்குள். இப்போது அளவை வரம்பால் வகுக்கச் சொல்லுங்கள்: 0.4, 0.3, 0.25, 0.25. கூட்டினால் 1.2. விகிதங்களின் கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டினால் எச்சரிக்கை. குடிநீரில் நைட்ரேட்டும் நைட்ரைட்டும் சேர்ந்து இருக்கும்போது உலக சுகாதார நிறுவனம் இதே கணக்கைத்தான் பயன்படுத்துகிறது. எட்டாம் வகுப்புக் கணக்கால் செய்யக்கூடிய இந்தச் சோதனையை, ஒரே வழியில் செயல்படும் பொருள்களுக்கு எங்கும் பயன்படுத்தலாம்.

பிள்ளைகளிடம் பேசும்போது

கிணற்றில் ஒரு பொருள் இருப்பதற்கும், ஒருவருக்கு வந்த நோய்க்கு அதுவே காரணம் என்பதற்கும் நடுவில் பல படிகள் உள்ளன. 'உன் வீட்டில் யாருக்காவது இந்த நோய் உண்டா?' என்று வகுப்பில் கேட்கவே கூடாது. குழந்தையில்லாமை போன்ற செய்திகளைத் தனி மனிதரோடு இணைத்துப் பேசவும் கூடாது. பெற்றோரின் தொழிலைக் குற்றமாகக் காட்டினால், அந்தப் பிள்ளை நம் பாடத்தையும் நம்மையும் சேர்த்தே ஒதுக்கிவிடும்.

செய்யக்கூடியவற்றைச் சொல்லலாம். வேலை உடையை மாற்றிக் குளித்த பிறகு குழந்தையைத் தூக்குவது; அந்த உடையைத் தனியாகத் துவைப்பது; வேதிப்பொருள் வந்த காலி டிரம்மில் வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்காமலிருப்பது; தோல் துண்டுகளை அடுப்பில் எரிக்காமலிருப்பது; சூடான டீயையும் சாம்பாரையும் பிளாஸ்டிக் பையில் வாங்காமல் தூக்குவாளி கொண்டுபோவது. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும். குரோமியம் போகாது என்பதையும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் குடும்பங்களின் தலையில் வைப்பது நேர்மையாகாது. பூஞ்சையைத் தடுக்கத் தோலில் சேர்த்துவந்த பென்டாகுளோரோஃபீனாலை ஜெர்மனி 1989-இல் தடை செய்தபோது, இந்தியத் தோல் ஏற்றுமதியாளர்கள் மாற்றுப்பொருளுக்கு மாறினார்கள். முடியாது என்று தோன்றியது, வாங்குபவர் கேட்டதும் முடிந்தது. அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் இதற்கான அறிவும் இருக்கிறது. ஷூவை அணியப்போகும் ஐரோப்பியக் காலுக்குக் கிடைத்த அதே அக்கறை, அந்தத் தோலை டிரம்மில் புரட்டும் கைக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

ஆய்வக அறிக்கையில் 'வரம்புக்குள்' என்ற சொல்லைப் பார்த்ததும், 'எவையெல்லாம் அளக்கப்பட்டன? சேர்த்துக் கணக்கிட்டார்களா?' என்று கேட்கும் ஒரு மாணவியை நாம் உருவாக்கிவிட்டால், ஹார்மோன் பாடம் நடத்தியதன் பயன் கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம்.