விட்ட சிகரெட் மறுபடி ஒட்டிக்கொள்வது ஏன்?

"விட்டுட்டேன்னுதான் நினைச்சேன். நடுவுல ஒண்ணே ஒண்ணு அடிச்சேன், அப்புறம் பழையபடி ஆயிடுச்சு." சிகரெட்டை விட முயன்ற பல பிள்ளைகள் சொல்லும் வார்த்தை இது. கேட்கும் பெரியவர்கள் உடனே "மன உறுதி இல்லை" என்று முடித்துவிடுகிறோம். விஷயம் அவ்வளவு எளிதல்ல.

2019-ல் எடுக்கப்பட்ட உலக இளையோர் புகையிலை ஆய்வின்படி, இந்தியாவில் 13 முதல் 15 வயது வரையிலான பள்ளி மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். சிகரெட் பிடித்துப் பார்த்தவர்களில் 38 சதவீதம் பேர் 10 வயது முடியும் முன்பே அதைத் தொட்டிருக்கிறார்கள். இவர்களில் விட நினைப்பவர்களும் உண்டு. விட்டபின் அவர்களை மறுபடி இழுப்பது எது என்று தெரிந்துகொண்டால், பாதிக் கஷ்டம் குறையும்.

முதல் வாரம்: உடம்பு கேட்கும்

புகையை இழுத்த சில நொடிகளில் நிகோடின் மூளையை எட்டிவிடுகிறது. தினமும் கிடைத்தது திடீரென்று நின்றால் உடம்பு சும்மா இருக்காது. எரிச்சல், தூக்கமின்மை, படிப்பில் கவனம் நிற்காமை, தேவையில்லாத கோபம் எல்லாம் வரும். முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் மிகக் கடினம். பிறகு மெல்லக் குறைந்து, பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும்.

இது தெரியாத பிள்ளை என்ன நினைக்கிறது? "சிகரெட் இல்லேன்னா எனக்குப் படிப்பே ஏறல" என்று. உண்மையில் அது நிகோடின் விலகும்போது வரும் தற்காலிகத் தொல்லை. தேர்வுக்கு முதல் நாள் விட ஆரம்பித்துத் தோற்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். பதின்வயதில் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால் நிகோடின் பழக்கம் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. "ஒரு நாளைக்கு ரெண்டுதானே" என்பவருக்கும் இந்தத் தொல்லை வரலாம்.

அதற்குப் பிறகு: இடம் கேட்கும்

உடம்பின் தொல்லை அடங்கிய பிறகும் ஆபத்து போவதில்லை. சிகரெட்டோடு சேர்ந்து மூளையில் பதிந்த இடமும் நேரமும் ஆட்களும் அப்படியே இருக்கிறார்கள். காஞ்சிபுரத்தை ஒட்டிய ஐயங்கார்குளம் மாதிரி ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அரை மணி நேரம், கிரிக்கெட் முடிந்து குளக்கரையில் உட்காருவது, டீயோடு கைமாறும் ஒரு சிகரெட். மூன்று வாரம் தொடாமல் இருந்தவனுக்கும் அந்த இடத்தில் கால் வைத்ததும் கை தேடும்.

திருவிழா நாட்களில் இது இன்னும் அதிகம். சித்ரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாள் ஐயங்கார்குளம் நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளுகிறார். இப்படிப்பட்ட நாட்களில் வெளியூர் போன நண்பர்கள் எல்லாம் ஒன்று கூடுவார்கள். "மச்சான், இன்னிக்கு மட்டும்" என்ற குரல் கேட்பதும் அப்போதுதான். பாக்கெட்டாக வாங்கக் காசு இல்லாதவனுக்கும் சில்லறையாக ஒன்று கிடைத்துவிடுகிறது.

பெரிய காரணம்: யாருக்கும் தெரியாது

பெரியவர் ஒருவர் சிகரெட்டை விட்டால் வீடே கொண்டாடும். பதின்வயதுப் பிள்ளையால் "நான் விடுறேன்" என்று சொல்ல முடியாது. சொன்னால், பிடித்ததே வெளியே வந்துவிடுமே! எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில் இந்தப் பயம் இரட்டிப்பு. அதனால் மறைந்து பிடித்தவன் மறைந்தே விடப் பார்க்கிறான். எரிந்து விழுந்தால் வீட்டில் காரணம் தெரியாது. கூட்டத்தில் நீட்டினால் தடுக்க ஆள் இல்லை. தடுமாறினால் கை கொடுக்கவும் ஆள் இல்லை.

ஆகவே விடுவதற்கு முதல் வேலை, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்வது. அண்ணன், அக்கா, மாமா, ஆசிரியர், கிராம சுகாதார செவிலியர், யாராக இருந்தாலும் சரி.

தவறி ஒன்று அடித்துவிட்டால்?

ஒன்று அடித்ததும் "எல்லாம் போச்சு" என்று பாக்கெட்டை வாங்குவதுதான் உண்மையான சறுக்கல். ஒரு சிகரெட், 20 நாள் முயற்சியை அழித்துவிடாது. எங்கே, யாரோடு, எந்த மனநிலையில் என்று குறித்து வையுங்கள். அடுத்த முறை எதைத் தவிர்க்க வேண்டும் என்பது அதில் தெரியும். பலரும் ஒன்றுக்கு மேற்பட்ட முயற்சிக்குப் பிறகுதான் முழுமையாக விடுகிறார்கள்.

இன்றே செய்யக்கூடியவை

• தேர்வும் திருவிழாவும் இல்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள்.
• ஆசை வந்தால் 5 முதல் 10 நிமிடம் தள்ளிப்போடுங்கள். தண்ணீர் குடியுங்கள், மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள், இடத்தை மாற்றுங்கள். ஆசையின் வேகம் தானாகத் தணியும்.
• முதல் மாதம் டீக்கடைக் கூட்டத்துக்குப் பதில் வேறு வழி, வேறு நேரம்.
• "வேணாம்டா, விட்டுட்டேன்" என்ற பதிலை முன்பே தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.
• சிகரெட்டுக்குப் பதில் ஹான்ஸ், இ-சிகரெட் என்று மாறாதீர்கள். அவற்றிலும் நிகோடின் உண்டு. இ-சிகரெட் 2019 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது.
• நிகோடின் சூயிங்கத்தை மருத்துவர் சொல்லாமல் வாங்க வேண்டாம்.

உதவி எங்கே?

தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356. கட்டணம் இல்லை. சிகரெட் பாக்கெட்டின் மேலேயே இந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். மனநல ஆலோசனைக்கு 14416, தமிழக அரசின் மருத்துவ ஆலோசனைக்கு 104. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருத்துவரிடம் நேரில் கேட்கலாம்.

பெற்றோருக்கும் கடைக்காரருக்கும்

18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்பதும், கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் (சுமார் 91 மீட்டர்) விற்பதும் 2003-ம் ஆண்டு புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குற்றம். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77-ன்படி குழந்தைக்குப் புகையிலை கொடுத்தால் 7 ஆண்டுகள் வரை கடுங்காவல் சிறையும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். "அப்பாவுக்கு வாங்கிட்டு வரச் சொன்னார்" என்று பிள்ளை வந்து நின்றாலும் கொடுக்கக் கூடாது. பெற்றோரும் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள்.

பிள்ளை தானாக வந்து "ஒண்ணு அடிச்சிட்டேன்ப்பா" என்று சொன்னால், அடிக்கக் கை ஓங்க வேண்டாம். அடுத்த முறை அவன் உங்களிடம் சொல்ல வருவானா, மறைப்பானா என்பது அந்த ஒரு நிமிடத்தைப் பொறுத்தது. "சரி, எங்கே நடந்துச்சு? நாளைக்கு என்ன பண்ணலாம்?" என்று கேளுங்கள். பிறகு இருவருமாக உட்கார்ந்து 1800-11-2356-ஐ அழையுங்கள்.